பேசப்படாத சூப்பர்மேன் கதைகள்

பிள்ளைகளின் கையில் படக்கதைப் புத்தகத்தைக் கண்டால் பெரியோர் முகம் சுளிப்பது நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். "பாடப் புத்தகத்தை எடு" என்னும் கட்டளை உடனே பிறக்கும். அக்கட்டளையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு படக்கதை வரிசையில், வேற்றூரில் குடும்பம் நடத்தும் நம்போன்றோர் சற்று நின்று நோக்கத்தக்க பகுதிகள் சில உள்ளன. சூப்பர்மேன் கதைகளையே குறிப்பிடுகிறோம்.

சூப்பர்மேன் யாவன் என்பதை அறியாத பிள்ளைகள் இன்று அரியர். பெரியோர் பொருட்டுச் சுருங்கச் சொல்வோம். கிரிப்டன் என்னும் தொலைதூரக் கோளம் வெடித்து அழியும் வேளையில், ஜோர்-எல் என்னும் அறிஞரும் அவர் மனைவி லாராவும் தம் ஒரே மகனைச் சிறு விண்கலத்தில் ஏற்றி அனுப்புகின்றனர். கலம் அமெரிக்க நாட்டில் வந்து இறங்குகிறது. கென்ட் தம்பதியர் குழந்தையை எடுத்துக் கிளார்க் எனப் பெயரிட்டு வளர்க்கின்றனர். வளர்ந்தபின் அவன் பெருநகர் ஒன்றில் பத்திரிகை நிருபனாகப் பணியாற்றுகிறான்; இடுக்கண் நேரும்போது உடை மாற்றிச் சூப்பர்மேனாகத் தோன்றுகிறான். ஒருவனுக்கு இரண்டு பெயர், இரண்டு பெற்றோர், இரண்டு ஊர். இதுவே கதையின் அடிப்படை.

இவ்வரிசையில் பெரிதும் பேசப்படுபவை எவை? பகைவரோடு பொருதும் கதைகளே. 1992-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், டூம்ஸ்டே என்னும் கொடிய உருவோடு போரிட்டுச் சூப்பர்மேன் மாண்டதாக ஓர் இதழ் வெளிவந்தது. அதனை வாங்க அமெரிக்கக் கடைகளில் மக்கள் வரிசையில் நின்றனர். நாளிதழ்கள் அதனைச் செய்தியாக வெளியிட்டன. மாண்டவன் அடுத்த ஆண்டே மீண்டும் வந்துவிட்டான்! சிறந்த கதைகள் எவை என்று யாரைக் கேட்டாலும் இத்தகையவற்றையே முதலிற் சொல்வர்.

ஆனால் மலையைப் பெயர்க்கும் வலிமை ஒன்றுக்கும் உதவாத கதைகளும் இவ்வரிசையில் உள்ளன. பிறந்த இடத்தை இழந்தவன், அதனை என் செய்வது, எப்படி நினைவில் வைப்பது, புகுந்த இடத்திற்கு யான் யார் என்று திகைக்கும் கதைகள் அவை. சூப்பர்மேன் வரிசையின் உயிர் அவற்றிலேதான் உள்ளது என்பது நம் கருத்து. அவை போதிய கவனம் பெறாமைக்குக் காரணம் உண்டு. அவற்றுட் பல, ஒரே இதழில் முடிந்துவிட்ட கதைகள். அட்டையில் பெரும்போர் இல்லை. பழைய இதழ்களில் எழுதியவர் பெயரும் அச்சிடப்படுவதில்லை. மேலும் 1986-இல் ஜான் பெர்ன் என்பவரைக் கொண்டு பதிப்பகத்தார் சூப்பர்மேன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து திருத்தி எழுதச் செய்தனர். அதனால் அதற்கு முந்திய கதைகள் பல நிகழாதவை போல ஒதுங்கிப் போயின. அவற்றுட் சிலவற்றையும், பிற்காலத்தில் தனி நூலாக வந்த ஒன்றையும் ஈண்டு எடுத்துக் கூறுவோம்.

படைத்தவர் இருவர்

முதற்கண் படைத்தவரை அறிதல் வேண்டும். ஜெர்ரி சீகல் எழுதினார். ஜோ ஷஸ்டர் வரைந்தார். இருவரும் 1914-இல் பிறந்தவர்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நண்பர்கள். சீகலின் பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஷஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் கனடாவின் டொரான்டோ நகரில் பிறந்து, சிறுவயதில் கிளீவ்லாந்துக்கு வந்தவர். வீட்டில் ஒரு மரபு, வீதியில் மற்றொரு மரபு என வளர்ந்த இவ்விருவரும் ஊரிழந்த ஒருவனைக் கதைத் தலைவனாக்கியது வியப்பன்று.

1938-ஆம் ஆண்டு தம் படைப்பின் உரிமை முழுவதையும் அவர்கள் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர். பின்னர் அப்பாத்திரம் கோடி கோடியாய் ஈட்டியபோதும் இருவரும் வறுமையுற்றனர். 1975-இல் பத்திரிகைகளில் எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னரே ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்னும் பெயர்க் குறிப்பும் அவர்களுக்குக் கிடைத்தன. உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேராத கதை நமக்குப் புதிதன்று.

இவர்களுடைய தொடக்கக் கதைகளில் வேற்றுலகப் பகைவர் இலர். 1938 ஆகஸ்டு இதழில் வந்த மூன்றாவது கதையைக் காண்க. நிலக்கரிச் சுரங்கம் ஒன்று சரிகிறது. கோபர் என்னும் தொழிலாளி அதனுள் சிக்கி உடல் ஊனமுறுகிறான். அவன் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். அவன் பேசும் ஆங்கிலமும் சிதைந்த ஆங்கிலம். சுரங்கம் பாதுகாப்பற்றது என்று முன்னரே முறையிட்டும் பயனில்லை என்கிறான். முதலாளியோ, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கைகழுவுகிறார். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேடம் பூணுகிறான். முதலாளியின் வீட்டு விருந்துக்கு வந்த செல்வர்கள் வேடிக்கையாகச் சுரங்கத்தினுள் இறங்கும்போது, வழியை அடைத்துவிடுகிறான். அபாய அறிவிப்புக் கருவி துருப்பிடித்துக் கிடப்பதை முதலாளி தம் கண்ணாற் காண்கிறார். பட்டாடை உடுத்தோர் மண்வெட்டி ஏந்தி வியர்வை சிந்துகின்றனர். மீண்டு வந்தபின், தம் சுரங்கத்தையே நாட்டிற் பாதுகாப்பு மிக்கதாக்குவேன் என்று முதலாளி உறுதி கூறுகிறார்.

இக்கதையில் சூப்பர்மேன் யாரையும் கொல்லவில்லை, சிறைக்கும் அனுப்பவில்லை. கீழிறங்கிப் பார்க்கச் செய்கிறான், அவ்வளவே. பதின்மூன்றே பக்கம் கொண்ட இச்சிறுகதையில் உள்ள நியாய உணர்ச்சி, பின்னாளில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் நடந்த விண்வெளிப் போர்களில் இல்லை என்று துணிந்து கூறுவோம்.

பிறந்த மண் தெரிந்த நாள்

வாசகர்க்குக் கிரிப்டனின் வரலாறு தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் சூப்பர்மேனுக்குத் தெரியாது! பதினோர் ஆண்டுகள் தான் எங்குப் பிறந்தவன் என்பதை அறியாமலே அவன் அமெரிக்கரைக் காத்துவந்தான். 1949-இல் வெளிவந்த 61-ஆம் இதழிலேதான் அவன் அதனை அறிகிறான்.

போலி மாயவித்தைக்காரன் ஒருவனை எதிர்கொள்ளும்போதெல்லாம் அவன் உடல் தளர்கிறது. காரணம் ஒரு கல் என்று கண்டு, அக்கல் வந்த வழியைத் தேடிக் காலத்தின் பின்னே பயணம் செய்கிறான். ஒரு கோளம் வெடித்ததையும், அதன் துணுக்கே அக்கல் என்பதையும் காண்கிறான். அதற்கு முன்னர் அங்கே ஓர் இணையர் தம் குழந்தையைக் கலத்தில் ஏற்றுவதைக் காண்கிறான். அவன் அவர்களைக் காணலாம், அவர்கள் அவனைக் காணமாட்டார்கள். யாரோ ஒரு குழந்தை என்றெண்ணிக் கலத்தைத் தொடர்கிறான். அது பூமியில் இறங்கி, கென்ட் தம்பதியர் அக்குழந்தையை எடுக்கும்போதுதான், அது தானே என்று தெளிகிறான்.

பிறந்த மண்ணின் துணுக்கே அவனைக் கொல்லவல்ல நஞ்சாகிறது என்னும் கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஊர் நினைவு ஓரோவழி மருந்தாவதும் உண்டு. ஓரோவழி மனிதனை எழவொட்டாமற் செய்வதும் உண்டு. இவ்வளவு பொருள் பொதிந்த கதையை இன்று, அந்தக் கல் படக்கதையில் முதன்முதல் வந்த இதழ் என்னும் அளவிலேயே பலரும் குறிப்பிட்டுச் செல்கின்றனர்.

திரும்பிச் சென்ற கதை

1960 நவம்பரில் வெளிவந்த 141-ஆம் இதழ் முழுவதும் ஒரே கதை. அதனை எழுதியவர் சீகல்தாம். பதிப்பகத்தாரோடு வழக்காடிப் பிரிந்து, பல்லாண்டு கழித்து, தாம் படைத்த பாத்திரத்துக்கே கூலிக்கு எழுதுபவராய்த் திரும்பிவந்தவர் அவர். இதழில் அவர் பெயர் இல்லை. வேய்ன் போரிங் படம் வரைந்தார்.

சூப்பர்மேன் தற்செயலாகக் காலத்தைக் கடந்து, அழியுமுன் இருந்த கிரிப்டனுக்குச் சென்றுவிடுகிறான். அங்குள்ள செஞ்சூரியனின் கீழ் அவனுக்கு எந்த வலிமையும் இல்லை. சாதாரண மனிதனாய்த் தன் தாய் தந்தையரைக் காண்கிறான்; அவர்கள் திருமணத்தையே காண்கிறான்; தான் அவர்கள் மகன் என்று சொல்லமாட்டாமல், நண்பனாய்ப் பழகுகிறான். லைலா என்னும் நடிகையிடம் அன்பு கொள்கிறான். கோளம் அழியும் என்பது அவனுக்குத் தெரியும். மக்களைக் காக்கத் தந்தையோடு சேர்ந்து செய்த முயற்சியும் வீணாகிறது. அந்நிலையில் அவன் ஒரு முடிவுக்கு வருகிறான்: இங்கேயே இருந்து இவர்களோடு மடிவேன் என்பதே அம்முடிவு.

எண்ணிப் பார்மின்! உலகமே புகழும் வாழ்வு ஒருபால். தன் மக்களோடு சாவு ஒருபால். அவன் பின்னதையே விரும்பினான். ஆனால் விதி விடவில்லை. திரைப்படக் காட்சி ஒன்றுக்காக ஏறிய விண்கலம் மெய்யாகவே பறந்துவிட, அவன் விருப்பமின்றியே கிரிப்டனை இரண்டாம் முறையும் பிரிகிறான். முதன்முறை குழவியாய்ப் பிரிந்தான், துன்பம் அறியான். இம்முறை எல்லாம் அறிந்து பிரிகிறான். சூப்பர்மேன் கதைகளில் கண்ணீர் வரவழைக்கும் கதை எது என்று நம்மைக் கேட்டால், 1992-இல் அவன் மாண்ட கதையைச் சொல்லமாட்டோம், இதனையே சொல்வோம்.

புட்டியில் அடைத்த நகரம்

கிரிப்டன் முற்றும் அழிந்துவிடவில்லை என்னும் செய்தி 1958 ஜூலையில் வெளிவந்தது. அக்கதையை எழுதியவர் ஓட்டோ பைண்டர். பிரெய்னியாக் என்னும் பகைவன், கோளம் அழியுமுன்னரே அதன் தலைநகராகிய கேண்டாரைக் கடுகளவு மாந்தரோடு சுருக்கி ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்திருந்தான். அதனைச் சூப்பர்மேன் மீட்கிறான். ஆனால் பெரிதாக்கும் கருவியில் ஒரு முறைக்கே ஆற்றல் எஞ்சியுள்ளது. அப்போது அவனும் சுருங்கிய நிலையிலேயே இருக்கிறான். தான் அப்படியே இருந்து நகரத்தைப் பெரிதாக்க அவன் துணிகிறான். நகரத்து முதியவர் ஒருவரோ முந்திக்கொண்டு அவனைப் பெரிதாக்கிவிடுகிறார். நகரம் புட்டியிலேயே தங்குகிறது. சூப்பர்மேன் அதனைப் பனிமலையிலுள்ள தன் தனிமனையில் வைத்துக் காக்கிறான்.

இவ்வளவும் பலர் அறிந்ததே. இதன் முடிவைப் பேசுவோர்தாம் குறைவு. இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1979 ஆகஸ்டில், 338-ஆம் இதழில் லென் வெய்ன் அதனை எழுதினார். கர்ட் ஸ்வான் வரைந்தார். சூப்பர்மேன் ஒருவாறு வெற்றி பெற்று, வேறொரு கோளத்தில் நகரத்தைப் பழைய அளவுக்குக் கொணர்கிறான். மக்கள் நலமாக வெளிவருகின்றனர். ஆனால் மாளிகைகளும் கோபுரங்களும் பொடிப் பொடியாய் உதிர்ந்துவிடுகின்றன! இத்துணை ஆண்டும் காத்த நகரம் கண்முன்னே மண்ணாகிறது. சூப்பர்மேன் கலங்குகிறான். நகரத்தார் கலங்கவில்லை. எங்கள் கையால் நாங்களே புதிதாகக் கட்டிக்கொள்வோம் என்று வேலையைத் தொடங்குகின்றனர்.

புகைவண்டி நிலையத்தில் எழுத்தராயுள்ள நாம், ஊரிலிருந்து வந்திறங்கும் குடும்பங்களை நாள்தோறும் காண்கிறோம். ஆட்டுக்கல் கொண்டுவந்தவர் உண்டு. குத்துவிளக்கு கொண்டுவந்தவர் உண்டு. ஊறுகாய்ச் சாடியை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் பயணம் செய்தவரும் உண்டு. கொண்டுவருவதிற் குற்றமில்லை. ஆயினும் நாம் புறப்பட்டு வந்த ஆண்டில் இருந்த ஊரையே புட்டியில் அடைத்து, அதன் மூடியைத் திறவாமல் வைத்திருப்போமாயின், நம் பிள்ளைகள் அதனைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். உள்ளே சென்று வாழ இயலாது. கேண்டார்க் கதையின் முடிவு கற்பிப்பது இதுவே. கட்டடம் போனாலும் மக்கள் உளர். மொழியும் முறையும் மக்களோடு உள்ளன. அவர்கள் மீண்டும் கட்டுவர்.

பழம் பறிப்போரின் சிற்றூர்

1972 ஜனவரியில் வந்த 247-ஆம் இதழை எழுதிய எலியட் மேகின் அப்போது இருபத்தோரு வயது இளைஞர். சூப்பர்மேன் ஒருவன் வேண்டுமோ என்னும் வினாவையே தலைப்பாக இட்டார். அண்டத்தைக் காக்கும் மூத்தோர் சூப்பர்மேனிடம், நீ எல்லாவற்றையும் செய்துகொடுப்பதால் மாந்தர் தாமே வளர்வது தடைப்படுகிறதோ என்னும் ஐயத்தை விதைத்து அனுப்புகின்றனர்.

அவன் திரும்பி வந்து காணுமிடம் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. அங்கே மெக்சிகோ மரபினரான கூலிகள் பழம் பறிக்கின்றனர். கூலிக்குறைவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முயன்ற மனுவேல் என்னும் சிறுவனை மேலாள் அடிக்கிறான். இக்காட்சி கற்பனையே எனினும் காற்றில் பிறந்ததன்று. அதே பள்ளத்தாக்கின் டெலானோ ஊரில் 1965-இல் திராட்சை பறிப்போர் தொடங்கிய வேலைநிறுத்தம் 1970-இல்தான் முடிவுற்றது. பிலிப்பைன்சு மரபினரான லாரி இட்லியாங்கும் மெக்சிகோ மரபினரான சீசர் சாவேசும் அதனை முன்னின்று நடத்தினர்.

சூப்பர்மேன் அடியைத் தடுக்கிறான். உடனே கூலிகள் மகிழ்ந்து, எங்கள் குடிசைகளைத் திருத்திக் கொடு, குறைகளை நீக்கிக் கொடு என்று கேட்கின்றனர். அவன் மறுக்கிறான்! உங்களுக்கு வேண்டுவதை நீங்களே கூடிச் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். சிறிது நேரத்தில் நிலம் நடுங்கிக் குடிசைகள் இடிகின்றன. அப்போது அவன் உதவுகிறான். ஏனெனில் நிலநடுக்கத்தை எதிர்க்க மனிதக் கை போதாது. மனிதக் கை போதிய காரியத்தை மனிதருக்கே விடுகிறான்.

வலியவன் எளியவர்க்கு உதவ மறுப்பது முறையோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. நமக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. அடிப்பவன் கையில் கோல் இருக்கும்போது அடிபடுபவனிடம் தன்முயற்சியைப் போதிப்பது எளிது. எனினும் விடையைத் திணிக்காமல் வாசகனை வாதிடச் செய்வதே இக்கதையின் சிறப்பு. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருப்பின் அவர்களோடு இதனை விவாதித்துப் பாருங்கள்; ஒரு மாலைப்பொழுது போதாது.

லீ குடும்பத்தார்

1946-இல் அமெரிக்க வானொலியில் நடந்த சூப்பர்மேன் நாடகத் தொடரில், நிறவெறிக் கூட்டத்தார் சீனக் குடும்பம் ஒன்றைத் துன்புறுத்துவதும் சூப்பர்மேன் அவர்களை எதிர்ப்பதுமான கதை பதினாறு பகுதிகளாக ஒலிபரப்பாயிற்று. அதனை அடியொற்றி, சீனப் பெற்றோர்க்கு அமெரிக்காவிற் பிறந்த ஜீன் லுவென் யாங் 2019-இல் ஒரு படக்கதை எழுதினார். குரிஹிரு என்னும் பெயரில் பணியாற்றும் ஜப்பானியப் பெண் ஓவியர் இருவர் வரைந்தனர். அது 2021-இல் ஐஸ்னர் பரிசுகள் பெற்றது. எனினும் முதன்மை வரிசையில் சேராத சிறுவர் நூல் என்று கருதி, வழக்கமான வாசகர் பலர் அதனைத் தொடாமற் கடந்து செல்கின்றனர்.

லீ குடும்பம் சீனர் வாழும் பகுதியை விட்டுப் பெருநகரின் வேறொரு பகுதியில் குடியேறுகிறது. தந்தை வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டும் என்கிறார். தாய்க்குத் தன் மொழியே நாவில் வருகிறது. மகன் பந்தாட்டத்தில் எளிதிற் கலந்துவிடுகிறான். மகள் லான்-ஷின் என்னும் தன் பெயரை விடுத்து ரொபர்ட்டா என்று அழைக்கப்படுகிறாள். அவளுக்கு எங்கும் கால் பாவவில்லை. அவள்தான் சூப்பர்மேனை உற்றுநோக்கி ஓர் உண்மையைக் காண்கிறாள். அவனும் தன்னை மறைத்துக்கொள்கிறான்! பறக்கும் ஆற்றல் இருந்தும், மக்கள் தன்னை வேற்றான் என்று அஞ்சுவரோ எனத் தயங்கி, தாவியும் ஓடியும் காலம் கழிக்கிறான். அச்சிறுமியின் துணையாலேயே அவன் தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தத் துணிகிறான்.

புதிய பள்ளியில் தன் பெயரைச் சுருக்கிச் சொல்லும் பிள்ளைகளும், வீட்டு உணவை நண்பர்முன் திறக்கக் கூசும் பிள்ளைகளும் நம்மிடையே இலரோ? அவர்களுக்கு நாம் கூறும் அறிவுரையைக் காட்டிலும் இக்கதை மிகுதியாகச் சொல்லும்.

ஒன்றை மறவாமற் கூறவேண்டும். சூப்பர்மேனுக்கும் நமக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அவன் ஊர் அழிந்தது. நம் ஊர் அழியவில்லை. பயணச்சீட்டு வாங்கினால் சென்று சேரலாம். பாட்டியின் மடியிற் பிள்ளையை இருத்தலாம். அவனுக்கு வாய்க்காத பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அதனைப் பயன்படுத்துவது நம் கடமை.

இக்கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தொகுப்புகளாகவே கிடைக்கின்றன. நம் சங்கப் படிப்பகத்தார் இரண்டொரு தொகுப்புகளை வாங்கிச் சிறுவர் அடுக்கில் வைத்தால் நன்று. பிள்ளைகள் ஆங்கிலத்திற் படிக்கட்டும். இரவு உணவின்போது அதே கதையைத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழிற் சொல்லட்டும். சொல் தடுமாறினால் நாம் எடுத்துக் கொடுப்போம். கேண்டார் நகரத்து மாளிகைகள் உதிர்ந்த இடத்துக்கு வரும்போது, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று பாட்டி கேட்பார், அதற்குப் பிள்ளை தமிழில் விடை சொல்லியாக வேண்டும்.